இரண்டு பாஷையிலும் இருக்கிற சொல்

சுகிர்தா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மேஜைமேல் வைத்துவிட்டுப் போன மைசூர்பாக்கு டப்பாவை நான் திறக்கவில்லை. எறும்புகள் திறந்துவிட்டன. மூலையில் ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து வரிசை கட்டிப் போய்வந்துகொண்டிருக்கின்றன. திருப்பதியில் கூட்டத்தில் நின்று வாங்கியிருப்பாய். நல்ல நெய்தான், வீடெல்லாம் வாசனை. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். கம்பெனியில் உனக்குப் பெரிய பதவி கிடைத்துவிட்டது, இனி ஹைதராபாத் வாசம், வருகிற சனிக்கிழமை ரேணிகுண்டாவில் விமானம் ஏறுகிறாய் என்று சொல்லிவிட்டு, "ஜெபம் பண்ணி அனுப்பும்மா" என்று தலையைக் குனிந்து நின்றாய். கையை உன் தலைமேல் வைத்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. நான் அழுகிறேன் என்று நினைத்து நீ என் தோளைத் தட்டிக்கொடுத்தாய். அழுகை இல்லை அது. அருவருப்பு. பெற்ற மகனைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு தாய்க்கு அது வரலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வந்துவிட்டது, என்ன செய்ய?

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நீ செய்ததை ஊர் முழுக்கக் கூடியிருந்த மண்டபத்தில் மைக் பிடித்துச் செய்தாய், அதற்கு நான் ரகசியமாகப் பதில் எழுதுவது சரியில்லை. அன்றைக்கு அங்கே எழுந்து கேள்வி கேட்ட தேசம்மாவுக்கு வாசித்துக்காட்டிவிட்டுத்தான் உனக்கு அனுப்புவேன். உன் கம்பெனிக்காரர்கள் படித்தாலும் சரி. தமிழ் தெரியாவிட்டால் உன்னைவிட நாணயமான ஆளாகப் பார்த்து மொழிபெயர்க்கச் சொல்லட்டும்.

முதலில் ஒரு பழைய கதை. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். நம் சபைக்கு வெளியூரிலிருந்து தெலுங்குப் போதகர்கள் வருவார்கள். அவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இன்னொரு மைக்கில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளர்ந்த எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. புதுப்பெண்ணாக நான் முதல்முதலில் ஏறி நின்ற அன்று, வந்திருந்த பெரியவர் உருக்கமாகக் கையை நீட்டி, "தேவுனிக்கி மீரு அவசரம்" என்றார். கடவுளுக்கு நீங்கள் தேவை என்று அர்த்தம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நமக்கோ அவசரம் என்றால் அவசரம்தான். பயத்தில் என் வாய் முந்திக்கொண்டது. "கடவுளுக்கு அவசரம்!" என்று மைக்கில் கத்தினேன். சபையே சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "அவுரு எங்க போறாராம்?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. நான் போதகரை நிறுத்தி, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அங்கேயே சொல்லி, சரியாக மறுபடி சொன்னேன். அதற்கப்புறம் உன் நைனா சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு கெளம்பு, கடவுளுக்கு அவசரம்" என்று சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நீ பேச ஆரம்பித்த காலத்தில் அதைத்தான் சொல்லித் திரிந்தாய். பஸ்ஸுக்குக் கடவுளுக்கு அவசரம், பாலுக்குக் கடவுளுக்கு அவசரம். அந்த ஒரு சொல் இரண்டு பாஷையிலும் எப்படி அர்த்தத்தை மாற்றிக்கொள்ளும் என்பது உனக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். தெரியாமல் வாய் தவறிவிட்டது என்று நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், என்னிடம் சொல்ல முடியாது.

நான் தொண்டை கெட்டு நிறுத்தியபோது அந்த இரண்டாவது மைக்கை நீ வாங்கிக்கொண்டாய். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு நான் சொன்னதெல்லாம் கொஞ்சம்தான். பேசுகிறவர் அழுதால் நீயும் அழ வேண்டியதில்லை, ஆனால் சிரிக்கக் கூடாது. அவர் நீளமாகப் பேசினால் நீ சுருக்காதே. புரியாவிட்டால் மைக்கிலேயே திருப்பிக் கேள், மானம் போகாது. நீ என்னைவிட நன்றாகவே செய்தாய். புத்தூர்ப் பக்கம் ஒரு கன்வென்ஷனில் எங்கிருந்தோ வந்த ஊழியக்காரர் ஒருவர் ஆவேசமாகப் பேசிக்கொண்டே போய், விசுவாசம் இருக்கிறவர்கள் சர்க்கரை மாத்திரையை இங்கேயே எறிந்துவிட்டுப் போங்கள் என்று தெலுங்கில் சொன்னார். நீ வாயைத் திறக்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார், மறுபடியும் சொன்னார். "அய்யா, இதி நேனு செப்பனு," இதை நான் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் மெதுவாகச் சொன்னாய். அப்புறம் ஜனங்களைப் பார்த்து, "ஐயா ஒண்ணு சொன்னாரு, அத்த நான் தமிழ்ல சொல்ல மாட்டேன். தெலுங்கு தெரிஞ்சவங்க கேட்டுக்கினீங்க. யாரும் மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க" என்றாய். அதோடு அந்த ஆட்கள் உன்னைக் கூப்பிடுவதை விட்டார்கள். அன்றைக்கு நான் ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். உன் நைனா எலும்பைக் கடித்துக்கொண்டே, "இவன் வாயி காசுக்கு வராது" என்றார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டது ஒருவிதத்தில் நல்லது என்று இந்த வாரம் நினைத்துக்கொண்டேன். இப்படி நினைக்க வைத்தாயே என்று அதற்கும் சேர்த்து உன்மேல் ஆத்திரம்.

உன் வேலை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. விதைக் கம்பெனி, திருப்பதியில் ஆபீஸ், கழுத்தில் அட்டை. கார்டில் இங்கிலீஷில் ஏதோ நீளமாக இருந்தது, என்னவென்று கேட்டதற்கு, "ஜனங்களோட பேசற வேலைம்மா. அவங்க சந்தேகத்த சயின்டிஸ்டுக்குச் சொல்லணும், சயின்டிஸ்ட் சொல்றத அவங்களுக்குச் சொல்லணும்" என்றாய். அட, நம்ம இரண்டாவது மைக் வேலைதானே என்று நான் சந்தோஷப்பட்டேன். மரபணு மாற்றிய வேர்க்கடலை என்று நீ சொன்னபோதும் நான் முகம் சுளிக்கவில்லை. பூஞ்சை பிடிக்காத கடலை, பிடித்தாலும் விஷம் ஏறாத கடலை. அது என்ன சாதாரண விஷயமா? நம் வீட்டில் மழை கெடுத்த ஒரு வருஷம் மூட்டை மூட்டையாகப் பச்சைப் பூசணம் பூத்துப்போனது உனக்கு ஞாபகம் இருக்கும். மண்டிக்காரன் ஒரு காயை உடைத்து முகர்ந்துவிட்டு மூட்டையைக் காலால் தள்ளினான். அந்தக் கடலையில் ஆட்டிய பிண்ணாக்கைத் தின்று நம் கறவைமாடு தீனி எடுக்காமல் கிடந்து கண்ணெதிரே செத்தது. உன் நைனா உயிரோடு இருந்திருந்தால் இந்த விதைக்கு முதலில் கை தூக்குகிற ஆள் அவராகத்தான் இருப்பார். ஆகவே, அம்மாவுக்கு விஞ்ஞானம் புரியாது, பழைய ஆள், பயப்படுகிறாள் என்று உன் புது ஆபீசில் கதை கட்டாதே. பரிசோதனைக்கு எடுத்த நிலம் நம் கழனியை ஒட்டிய குத்தகை நிலம் என்று தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஜாக்கிரதையாகச் செய்தால் செய்யட்டும் என்றுதான் இருந்தேன்.

அந்தக் கேட்கிற கூட்டத்துக்குத்தான் பாலசமுத்திரம் கல்யாண மண்டபத்துக்கு எல்லோரும் வந்தோம். வாசலிலேயே ஆளுக்கொரு பை கொடுத்தீர்கள். காளஹஸ்தியில் கையால் எழுதுகிற கலம்காரிப் பூவை மெஷினில் அச்சடித்து, அதன்மேல் கம்பெனி பேரும் ஒரு போன் நம்பரும் போட்ட பை. பின்கட்டில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. கருத்துக் கேட்கிற இடத்தில் கறி வாசனை எதற்கு என்று அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் மேடையில் இருந்த அந்த சயின்டிஸ்ட் அம்மாள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தெலங்கானாப் பக்கத்துப் பெண், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. படம் போட்டு நிதானமாக விளக்கினாள். தெரிந்ததைத் தெரியும் என்றாள், இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்பதற்காகத்தான் பரிசோதனையே என்றாள். கடைசியில் கையைக் கூப்பி, "மீ மனசுலோ உன்னதி செப்பண்டி" என்றாள். உங்கள் மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று நிஜமாகவே கேட்டாள். அதைத் தமிழில் நீ நன்றாகத்தான் சொன்னாய். அதற்குப் பிறகு தேசம்மா எழுந்தாள்.

தேசம்மாவை உன் ஆபீஸ் ஆட்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ சின்னவனாக இருந்தபோது அவள் அவித்த கடலையைத் தின்று வளர்ந்தவன் நீ. அவளுக்கு நிலம் கிடையாது. நம் பக்கத்தில் கடலைச் செடியைப் பிடுங்கி முடித்ததும், மண்ணுக்குள் அறுந்து நின்றுபோன காயைப் பொறுக்க நிலமில்லாத பெண்கள் களைக்கொத்தோடு இறங்குவார்கள். எந்த நிலத்துக்காரரும் தடுக்க மாட்டார், தடுத்தால் ஊரில் தலை காட்ட முடியாது. பொறுக்கினதில் கொஞ்சம் அவித்துத் தின்பார்கள், கொஞ்சம் விற்பார்கள், பருவெட்டான காயாகப் பார்த்து எடுத்து வைத்து வீட்டுப் பின்னால் ஊன்றவும் செய்வார்கள். அவர்கள் விட்டதை ஆடு பார்த்துக்கொள்ளும், ஆடும் விட்டது அடுத்த மழையில் தானாக முளைக்கும். பரிசோதனை நிலத்தில் விளைந்தது அந்த வேலிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கட்டுப்பாடு என்று அந்த அம்மாளே படத்தில் காட்டினாள். அப்படியிருக்க, அன்றைக்கு மண்டபத்தில் கேட்கப்பட்டதிலேயே ஒரே ஒரு நல்ல கேள்வி தேசம்மா கேட்டதுதான். அவள் பேச்சை அப்படியே எழுதுகிறேன்:

"கடலை புடுங்கினப்புறம் அந்தக் கொல்லையில நாங்க காய் பொறுக்கப் போவலாமா, கூடாதா? போவக்கூடாதுன்னா யாரு வந்து எங்களுக்குச் சொல்லுவாங்க? மண்ணுல நிக்கற காய யாரு தோண்டி எடுப்பாங்க? ஆடு பூந்துட்டா இன்னா பண்றது? இதெல்லாம் சொல்லாம, இத்த இப்பவே போடணும்னு உங்களுக்கு இன்னா அவ்ளோ அவசரம்?"

நீ சிரித்தாய். மேடைப்பக்கம் திரும்பி, மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணீரென்று தெலுங்கில் சொன்னாய்: "இதி மாகு சாலா அவசரம் அண்டுன்னாரு."

இது எங்களுக்கு ரொம்பவும் தேவை என்கிறார்கள்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்துபோனது. எழுந்து தேசம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாள். மண்டபத்தில் இருந்த நம் ஜனங்களுக்குத் தெலுங்கு தெரியாமல் இல்லை, ஆனால் எதிரொலிக்கிற மைக்கில் காது தன் சொல்லைத்தான் முதலில் பிடிக்கிறது. 'அவசரம்' என்று நீ அழுத்திச் சொன்னது கேட்டது, பையன் நம் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான் என்று தலையாட்டினார்கள். நாலு பேர் கை தட்ட, மேடையிலும் தட்டினார்கள். தேசம்மா நிம்மதியாக உட்கார்ந்தாள். ஒரே சொல்லை வைத்து இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஏமாற்றினாய். பதில் வரும் என்று அவள் காத்திருந்தாள். பதில் சொல்ல வேண்டியவளுக்குக் கேள்வியே போகவில்லை. நான் எழுந்து "இருங்க" என்று சத்தம் போடுவதற்குள் நன்றி சொல்லி மைக்கை அணைத்துவிட்டார்கள், பந்திக்குக் கூட்டம் எழுந்துவிட்டது.

கை கழுவுகிற குழாயடியில் உன்னைப் பிடித்தேன். "இன்னாடா சொன்ன அந்தம்மாகிட்ட?" என்றேன். நீ டிஷ்யூவில் கையைத் துடைத்துக்கொண்டே, "அவசரம்னு தேசம்மா சொன்னாங்க, அவசரம்னு நானும் சொன்னேன். ரெண்டு பாஷையிலயும் அந்த வார்த்த கீதும்மா. ஒரு எழுத்துகூட நான் மாத்தல" என்றாய். நீயே தொடர்ந்தாய். "விதை நல்ல விதைம்மா. உனக்கே தெரியும். இவங்க கேக்கற ஒண்ணொண்ணுக்கும் நின்னு பதில் சொல்லிக்கினு இருந்தா எந்தக் காலத்துல வெளிய வரும்? காய் பொறுக்கறதெல்லாம் ஒரு விஷயமா?" அதோடு விட்டாயா, கண்ணைச் சிமிட்டி, "கடவுளுக்கு அவசரம்மா" என்றாய். உன் நைனாவின் வேடிக்கைப் பேச்சை எடுத்து அந்த இடத்தில் போட்டாய் பார், அங்கேதான் எனக்கு அந்த அருவருப்பு தொடங்கியது. பிரியாணி இலையைத் தொடாமல் வந்துவிட்டேன். உனக்கு அது தெரியக்கூட இல்லை, யாரோ பெரிய ஆபீசர் உன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பொய்யில் பல ரகம் இருக்கிறது, சுகிர்தா. பயத்தில் சொல்லும் பொய் உண்டு. அதை நான் மன்னிப்பேன். பசிக்குச் சொல்லும் பொய் உண்டு, அதைப் பற்றி ஏனென்று கேட்கவே மாட்டேன். உன்னுடையது, ஒரு எழுத்துகூட மாற்றவில்லை என்று பெருமையடித்துக்கொள்கிற பொய். தராசில் படிக்கல் எல்லாம் சரியாக வைத்துவிட்டு, தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைக்கிறவன் செய்கிற வேலை. படித்து, இரண்டு பாஷையும் மணிமணியாகக் கற்று, அந்தப் படிப்பைக் கொண்டே செய்கிற வேலை. மூன்றாம்பேருக்குத் தெரியாது என்கிற தைரியம் வேறு. தாய் ஐந்தாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தே செய்தாய், அவள் எங்கே பிள்ளையைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று கணக்குப் போட்டாய். அந்தக் கணக்கைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. என்னை அவ்வளவு மலிவாக நினைத்துவிட்டாயே.

அதற்கப்புறம் உங்கள் கம்பெனி வீடியோ எல்லோர் போனுக்கும் வந்தது. பின்னால் சங்கீதம், பச்சைக் கொல்லை, நடுவில் தேசம்மா எழுந்து நின்று கையை நீட்டிப் பேசுகிறாள். பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டீர்கள். அவள் முகத்துக்குக் கீழே தெலுங்கில் கொட்டை எழுத்தில், 'இது எங்களுக்கு மிகவும் தேவை.' அவள் பேரன் காட்டியிருக்கிறான். படத்தில் வந்துவிட்டோம் என்று பூ வைத்துக்கொண்டு போனும் கையுமாக நம் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. "நம்ம சுகிர்தன்தான் போட்டுக்கீதாமே. எம் மூஞ்சிக்குக் கீழ இன்னா எழுதிக்கீது, படிச்சி சொல்லு" என்றாள். நான் தெலுங்கில் படித்தேன். தமிழில் சொன்னேன். நீளமாகப் பேசினால் சுருக்காதே என்று உனக்குச் சொன்னவள் நான், அதனால் எதையும் சுருக்காமல், மண்டபத்தில் நீ சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அப்போ நான் கேட்டது எங்க போச்சி?" என்றாள்.

அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? அவள் போன பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், இதில் நீ கெடுத்தது எத்தனை பேரை என்று. தேசம்மாவை ஊமையாக்கினாய், அது ஒன்று. அந்த சயின்டிஸ்ட் அம்மாளையும் கெடுத்தாய். அவள் நல்ல மனசோடு கேட்டாள், ஜனங்கள் கொடுக்காத ஒன்றைக் கொடுத்தார்கள் என்று நம்பிக்கொண்டு போனாள். நாளைக்கு யாராவது, நீங்கள் ஊரைக் கேட்டீர்களா என்றால் நெஞ்சில் கை வைத்துக் கேட்டேன் என்பாள், அது பொய் என்று அவளுக்கே தெரியாது. எல்லாவற்றையும்விட அந்த விதையைக் கெடுத்தாய். பூஞ்சை பிடிக்காத கடலை என்றாயே, பூஞ்சையை நீ பிடிக்க வைத்துவிட்டாய். அது நிஜமாகவே நல்ல விதையாக இருந்தாலும், ஒரு நாள் இந்தச் சங்கதி வெளியே வரும்போது ஒருத்தரும் நம்பப் போவதில்லை. ஏதாவது கோளாறு இருந்தாலும், கேள்வியை வழியிலேயே மறிக்கிற உன்னைப் போன்ற ஆள் இருக்கும்வரை மேடைக்குத் தெரியப் போவதில்லை. ஜனங்கள் கேட்கிறது நேரத்தை வீணாக்குகிற வேலை என்று நீ நினைக்கிறாய். காய் பொறுக்குகிற வழக்கம் ஒன்று இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை உன் ஆபீசில் படம் போட்டவர்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லையே, அதை அவர்களுக்கு வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

நான் சும்மா இருக்கவில்லை. நீங்கள் கொடுத்த அந்தப் பையில் இருந்த நம்பருக்கே போன் போட்டேன். ஒவ்வொரு ஆளாகக் கைமாற்றி, காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டு, கடைசியில் அந்த அம்மாள் வந்தாள். நான் சுகிர்தனின் தாய் என்று முதலில் சொல்லவில்லை. அன்றைக்கு எழுந்து பேசின பெண் உங்கள் தெலுங்கு அவசரத்தைச் சொல்லவில்லை, எங்கள் தமிழ் அவசரத்தைச் சொன்னாள், தெலுங்கில் அதற்குத் தொந்தர என்று சொல்ல வேண்டும், ஏன் இவ்வளவு தொந்தரப்படுகிறீர்கள் என்று கேட்டாள் என்றேன். அப்புறம் அவள் கேட்டது முழுவதையும் வரி வரியாகச் சொன்னேன். அந்த அம்மாள் யாரிடமோ பேனா கேட்பது கேட்டது. பிறகு, அறுவடை முடிந்த நிலத்தில் ஊர்ப் பெண்கள் இறங்குவார்களா, எத்தனை பேர், எந்த நாளில், விதைக்கும் வைப்பார்களா என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவள் குரலில் கோபம் இருந்தது. நல்ல கோபம் அது. கடைசியில் நீங்கள் யார் என்று கேட்டாள். சொன்னேன். அப்புறம், "அம்மா, மீரே வச்சி நிலபடண்டி" என்றாள், நீங்களே வந்து பக்கத்தில் நில்லுங்கள் என்று.

ஆக, சனிக்கிழமை காலையில் அவள் மறுபடி வருகிறாள். மண்டபம் கிடையாது, பையும் பிரியாணியும் கிடையாது. அந்தக் குத்தகை நிலத்து வரப்பிலேயே எல்லோரும் நிற்கப் போகிறோம். தேசம்மா கேட்பாள், அந்த அம்மாள் பதில் சொல்வாள், தெரியாததைத் தெரியாது என்பாள். நடுவில் நான் நிற்பேன். ஊர் அதற்கப்புறம் சரி என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, அது ஊர் சொன்ன சொல்லாக இருக்கும். என் தொண்டை இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நாலு வரிக்கு மேல் பேசினால் அடைத்துக்கொள்கிறது. ஆனாலும் நிற்பேன். உன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் நிற்கிறேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். உன்னால் எனக்கு இந்த ஊரில் இனி எப்படிப் பெயர் இருக்கும் என்று யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தேன்.

அதே சனிக்கிழமை உனக்கு விமானம். ரேணிகுண்டாவுக்குப் போகிற கார் நம் ஊரைத் தொடாமலே போகலாம், நல்ல ரோடு போட்டிருக்கிறார்கள். ஹைதராபாதில் உனக்கு இதைவிடப் பெரிய மேடை, பெரிய மைக். அங்கே உன் தெலுங்கில் குறை காண ஆள் இருக்காது, உன் தமிழைக் கேட்க ஆளே இருக்காது. புத்தியாக நடந்துகொள், உடம்பைப் பார்த்துக்கொள், வெளியூர்ச் சாப்பாட்டில் காரத்தைக் குறைத்துக்கொள் என்றெல்லாம் எழுத வேண்டிய கடிதம் இது. கை வரவில்லை. எனக்கு இன்னும் அருவருப்பு அடங்கவில்லை, அடங்கியதாக எழுதினால் உன்னைப் போல நானும் மொழிபெயர்த்தவளாகிவிடுவேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். மேடையில் நின்று ஊழியக்காரரின் முகத்தைப் பார்த்து, இதை நான் சொல்ல மாட்டேன் என்றானே ஒருத்தன், அவன் செத்துப்போனதாக எனக்கு யாரும் சொல்லவில்லை. வரப்பில் இரண்டாவது ஆள் நிற்க இடம் இருக்கிறது. தேசம்மா கேட்டதை, அவள் கேட்டபடியே, தெலுங்கில் ஒரு தடவை அவன் வந்து சொல்லட்டும். அதற்கப்புறம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொல்லட்டும். நான் முதல் நாளிலேயே சபைமுன் சொன்னவள்தான், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நீ மண்டபத்தில் எடுத்து விளையாடிய அந்தச் சொல்லையே நானும் எடுக்கிறேன். தமிழில் படித்தாலும் சரி, தெலுங்கில் படித்தாலும் சரி, இந்த முறை இரண்டிலும் உண்மை.

சுகிர்தா, எனக்கு நீ அவசரம்.

அம்மா